கதையிலும் படத்திலும் நம் வீட்டு மனிதர்கள்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் பரிசுகளை அழகாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றுள் பெரும்பாலானவை புத்தகங்கள். பெற்றோர் சிலர் மனத்தில் என்ன ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். "கதைப் புத்தகத்தைக் கொடுத்து என்னங்க பிரயோசனம்? கணக்குப் புத்தகமா கொடுத்தா பரீட்சைக்காவது உதவும்." இப்படி நினைப்பவர்கள் உண்டு. சினிமாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். "அதுதான் பிள்ளைங்களைக் கெடுக்குது" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள்.

கதையும் கூத்தும் படமும் எதற்காக என்பதைத்தான் இன்று நான் பேச வந்திருக்கிறேன். மனிதர் மனத்தை அறிய அவை நமக்கு உதவ வேண்டும். அப்பா ஏன் கத்துகிறார், அம்மா ஏன் பேசாமல் இருக்கிறாள், தாத்தா ஏன் எதையோ வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார், பையன் ஏன் பொய் சொல்கிறான், இவற்றுக்கெல்லாம் கணக்குப் புத்தகத்தில் விடை கிடையாது. அதற்காகக் கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கும் வேண்டும், மனிதரைப் படிக்கும் படிப்பும் வேண்டும்.

இது ஏதோ மேல்நாட்டாரின் மனநூலிலிருந்து எடுத்த சரக்கு என்று எண்ணிவிடாதீர்கள். நம் தொல்காப்பியர் எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் சொன்னதோடு நில்லாமல், பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே வைத்தார். மெய்ப்பாடு என்றால் உள்ளத்து உணர்ச்சி உடம்பின் மேல் வெளிப்பட்டுத் தோன்றுவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அதனை எட்டாக வகுத்தார். அத்தோடு விட்டாரா? ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணமும் சொன்னார். எட்டு நான்கு முப்பத்திரண்டு. அழுகையைக் கண்டால் அதன் காரணத்தைத் தேடு, கோபத்தைக் கண்டால் அதன் காரணத்தைத் தேடு என்று இலக்கண நூலே நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது.

அழுகைக்கு அவர் சொன்ன காரணங்களைப் பாருங்கள். முதலாவது இளிவு, அதாவது பிறர் நம்மை இழிவாக நடத்துவது. அடுத்தது இழவு, உற்றாரையோ உடைமையையோ இழப்பது. மூன்றாவது அசைவு, முன்பு இருந்த நிலை கெட்டு, வேறொரு நிலைக்குத் தள்ளப்பட்டு வருந்துவது. கடைசியாக வறுமை. கோபத்துக்கும் அவ்வாறே நான்கு உண்டு. கை கால் போன்ற உறுப்பை அறுத்தல், குடும்பத்தாருக்கும் சுற்றத்தாருக்கும் கேடு சூழ்தல், வைதும் அடித்தும் அலைக்கழித்தல், கொலை. கோபத்தின் வேரில் ஏதோ ஒரு காயம் இருக்கிறது என்பதை இந்த நான்கும் காட்டுகின்றன. இந்தப் பட்டியலை மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். போகப் போக அவிழ்ப்போம்.

அடுத்து, நம் தமிழர் வீடுதோறும் பெயராவது தெரிந்த சிலப்பதிகாரம். கோவலன் மாதவியை விட்டு ஏன் பிரிந்தான்? "அவ நடனக்காரி, பணம் தீர்ந்துபோச்சு, விட்டுட்டான்" என்று சிலர் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். இளங்கோவடிகள் சொன்ன கதை அப்படி இல்லை. புகார்க் கடற்கரையில் இருவரும் யாழ் மீட்டிப் பாடுகிறார்கள். அவன் பாடிய பாட்டைக் கேட்டு, இவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் போலும் என்று அவள் எண்ணிக்கொள்கிறாள். தானும் வேறொருவனை நினைப்பவள் போலக் குறிப்பு வைத்துப் பாடுகிறாள். அது வெறும் பாட்டு. அதை மெய் என்று அவன் எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறான். "நீ என்னம்மா நினைத்துப் பாடினாய்?" என்று அவனும் கேட்கவில்லை, "நீங்கள் யாரை நினைத்துப் பாடினீர்கள்?" என்று அவளும் கேட்கவில்லை.

பிறகு மதுரைக்கு வெளியே, மாதவி எழுதிய ஓலை கோவலன் கைக்கு வந்து சேர்கிறது. அதைப் படித்த பிறகுதான் அவள் மீது பிழை இல்லை என்பது அவனுக்குத் தெளிவாகிறது. காலம் கடந்துவிட்டது. மறுபடி சிலம்போடு நகருக்குள் போகிறான். அங்கே பாண்டியன், பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லை நம்பி, தீர விசாரிக்காமல் ஆணையிடுகிறான். ஒரு காப்பியத்தில் இரண்டு இடம், இரண்டிலும் ஒரே தவறு. கண்டதை வைத்தும் கேட்டதை வைத்தும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள், காரணத்தைக் கேட்கவில்லை. அதனால் ஒரு குடும்பமும் போயிற்று, ஓர் ஊரும் எரிந்தது. பெரியோர்களே, நம் வீடுகளில் மதுரை எரியவில்லை என்றாலும், கேட்காமல் சொல்லும் தீர்ப்பால் தினந்தோறும் ஏதோ ஒன்று கருகிக்கொண்டுதான் இருக்கிறது.

இனி, சினிமாவுக்கு வருகிறேன். பிள்ளைகள் இப்பொழுதுதான் நிமிர்ந்து உட்காருகிறார்கள்!

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். சாயங்காலமே பாயைக் கொண்டுபோய் விரித்து இடம் பிடித்துவிடுவோம். பட்டணத்தில் இருந்தவர்களுக்கு பிரிக்பீல்ட்ஸில் லிடோ தியேட்டர் இருந்தது. இன்று அந்தத் தியேட்டரும் இல்லை, திடல் இருந்த தோட்டங்கள் பலவும் இல்லை. 1961-இல் வந்த 'பாசமலர்' படத்துக்கு அழாதவர்கள் யாராவது இந்த மண்டபத்தில் உண்டா? சொந்தத் தங்கையோடு பத்து வருசம் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன்கூட அந்தப் படத்தைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுவார். படம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். தங்கை வீடு நாலு வாசல் தள்ளித்தான் இருக்கும்.

சிரிக்கிறீர்கள். ஆனால் இதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. திரையில் இருப்பவனுக்கு நாம் காட்டுகிற பொறுமையைப் பக்கத்தில் இருப்பவனுக்குக் காட்டுவதில்லை. காரணம், திரையில் அவனுடைய முழுக் கதையையும் நமக்குக் காட்டிவிடுகிறார்கள். அவன் சின்ன வயதில் பட்டது, அடிபட்டது, ஏமாந்தது எல்லாம் நமக்குத் தெரிகிறது. பக்கத்து வீட்டுக்காரனின் கதையோ, கடைசி ரீலில் பாதிதான் நம் கண்ணில் படுகிறது.

1978-இல் மகேந்திரன் இயக்கிய 'முள்ளும் மலரும்' படத்தை எடுத்துக்கொள்வோம். உமாசந்திரன் எழுதிய நாவலைத் தழுவிய படம் அது. காளி என்றொருவன், மலைப்பகுதி மின்நிலையத்தில் விஞ்ச் ஓட்டுகிறான். தாய் தகப்பன் இல்லை. தங்கை வள்ளிதான் அவனுக்கு எல்லாம். முரடன். மேலதிகாரியாக வந்த எஞ்சினியரைக் கண்டாலே அவனுக்குப் பிடிக்காது. ஒருநாள் வேலையில் நடவடிக்கைக்கு ஆளாகிறான். குடித்துவிட்டுச் சாலையில் கிடக்கிறான். லாரி ஏறி ஒரு கை போய்விடுகிறது. கை போனதோடு வேலையும் போகிறது. அதே எஞ்சினியர் வந்து வள்ளியைப் பெண் கேட்கிறார். காளி மறுக்கிறான்.

இந்தக் காளி நம் லயத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "குடிகாரப் பய. திமிர் பிடிச்சவன். தங்கச்சிக்கு வந்த நல்ல சம்பந்தத்தைக் கெடுக்கிறான்." இத்தனையும் சொல்லியிருப்போம். படத்தில் பார்க்கும்போது மட்டும் அவனுக்காக நெஞ்சு வலிக்கிறது. இப்பொழுது தொல்காப்பியரின் முடிச்சை அவிழ்த்துப் பாருங்கள். கோபத்துக்கு அவர் சொன்ன முதல் காரணம் உறுப்பறை, காளிக்குக் கை போயிற்று. இரண்டாவது காரணம் குடிக்குக் கேடு, தனக்கென்று இருக்கிற ஒரே உறவையும் அந்த மனிதர் பறித்துக்கொண்டு போகிறார் என்று அவன் நம்புகிறான். காரணம் புரிந்துவிட்டது. கடைசியில் வள்ளி, எல்லாரையும் விட்டு அண்ணனிடமே திரும்பி வருகிறாள். தன்னைத்தான் அவள் பெரிதாக நினைக்கிறாள் என்று தெரிந்த அந்த நிமிடமே அவன் உருகி, தானே அவளைக் கொண்டுபோய் அந்த எஞ்சினியர் கையில் ஒப்படைக்கிறான். அப்பொழுதும் அவரை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் ஒப்படைக்கிறான்! மனிதன் அப்படித்தான். முழுக்க மாறிவிட மாட்டான், ஆனால் அவன் கேட்ட ஒரு சின்ன மதிப்பைக் கொடுத்தால் பாதி தூரம் நடந்து வருவான்.

அந்தச் சின்ன மதிப்பு நம் மக்களுக்கு எப்படிக் கிடைத்தது, எப்படிக் கிடைக்காமல் போயிற்று என்பதைக் கிள்ளான் மண்ணிலிருந்தே சொல்கிறேன். 1941-ஆம் ஆண்டு, கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னின்றவர்களில் ஒருவர். அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் நம்மவர் உயிர்கள் போயின. அவர்கள் என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துவது. இவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள். துரைமார் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

மாணவர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். சொந்தக் காசில் வாங்கிய சைக்கிள். பொதுப் பாதை. எதிரே ஒருவர் வருகிறார் என்பதற்காக இறங்கி, தலை குனிந்து, அவர் போகும்வரை நிற்க வேண்டும். இதைத்தான் தொல்காப்பியர் இளிவு என்றார். காலையில் பெரட்டுக் களத்தில் ஏச்சு, வெட்டுக்காட்டில் ஏச்சு, பால் நிறுக்கிற இடத்தில் ஏச்சு. பகலெல்லாம் சைக்கிளை விட்டு இறங்கியே பழகிய மனிதன், சாயங்காலம் வீட்டுக்கு வருகிறான். அவன் யாரை இறங்கச் சொல்வான்? வீட்டில் இருப்பவள் மனைவி, இருப்பவை பிள்ளைகள். அவர்களைத்தான் இறங்கி நிற்கச் சொன்னான். நம் பாட்டன்மார் பலருடைய வீட்டு அதட்டலுக்கு வேர் அங்கே இருந்தது. அந்த வழக்கம் போன பிறகும், அந்த அதட்டல் மட்டும் தகப்பனிடமிருந்து மகனுக்குச் சொத்துபோல வந்துகொண்டே இருந்தது.

இங்கே ஒரு வார்த்தையை அழுத்திச் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்துகொள்வது வேறு, குற்றத்தைச் சரி என்பது வேறு. அடிக்கிற கைக்கு ஒரு கதை இருக்கலாம். அதற்காக அடி வாங்குகிற பெண்ணும் பிள்ளையும் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எந்த இலக்கியமும் சொல்லவில்லை. பாண்டியனின் நிலை நமக்குப் புரிகிறது, ஆனாலும் கண்ணகி அவன் அவையில் போய் நின்று நியாயம் கேட்டாளே! காரணம் தெரிந்தால் என்ன பயன் என்கிறீர்களா? எங்கே பிடித்து நிறுத்துவது என்பது தெரியும். மகன் தன் தகப்பனின் காயத்தைப் புரிந்துகொண்டால், "இது என்னோடு நிற்கட்டும், என் பிள்ளைக்குப் போக வேண்டாம்" என்று முடிவு செய்வான்.

கத்துகிறவரைப் பற்றிச் சொன்னேன். பேசாதவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில், 1942-லும் 1943-லும், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். போனவர்களில் ஏராளமானோர் காய்ச்சலிலும் காலராவிலும் பசியிலும் மடிந்தார்கள். திரும்பி வந்தவர்கள் வாய் திறந்து அதிகம் பேசவில்லை. சோற்றில் ஒரு பருக்கை சிந்தினாலும் சீறுகிற தாத்தா, ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து உட்காருகிற தாத்தா, இப்படிப்பட்டவர்கள் நம் தோட்டங்களில் இருந்தார்கள். "கிழவனுக்குக் கிறுக்கு" என்று பிள்ளைகள் ஒதுங்கிப் போனார்கள்.

அவர்கள் சொல்லாததை நம் நாட்டு எழுத்தாளர்கள் எழுதி வைத்தார்கள். ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலைத் தந்தார். அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். அந்தப் பக்கங்களைப் படித்த பேரனுக்குத் தாத்தாவின் சீற்றம் வேறாகத் தெரியும். அது இழவு. கூடப் போனவர்களை அங்கேயே புதைத்துவிட்டு வந்தவரின் துக்கம். பசியைக் கண்டவருக்குச் சோற்றுப் பருக்கை என்பது வெறும் பருக்கை இல்லை. இந்த நாவல்கள் நம் பள்ளி நூலகத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சங்கத்தார் அடுத்த கூட்டத்திலேயே வாங்கி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி, அண்மைக் காலத்துக்கு வருவோம். 2015-இல் நம் நாட்டிலேயே ஒரு தமிழ்ப்படம் வந்தது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்'. மலாயில் கெட்ட என்று பொருள்படும் சொல் நம் பேச்சில் உருமாறிப் படத்தின் பெயராயிற்று. 2016-இல் நடந்த 28-ஆம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றது. நம் தமிழ்ப்பிள்ளைகளின் கதைக்கு நாடே கைதட்டியது.

கதை நடப்பது 1990-களின் தொடக்கம். தோட்டம் போனபின் பட்டண ஓரத்துப் புறம்போக்குக் குடியிருப்பில் வாழும் குடும்பம். அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். துறுதுறுப்பான பிள்ளை, கற்பனை உள்ள பிள்ளை, ஆனால் பாடப் புத்தகத்தில் மனம் நிற்காது. அப்பா மணியம் உழைப்பாளி. தான் பட்ட பாட்டை மகன் படக்கூடாது, படித்து முன்னேற வேண்டும் என்பதுதான் அவர் கனவு. அந்தக் கனவைச் சொல்ல அவருக்குத் தெரிந்த மொழி அதட்டலும் அடியும்தான். வீட்டைச் சுற்றியோ, போதையில் சீரழிந்த பாலாவும், அடிதடிக் கும்பலில் கெத்தாக உலவும் மெக்சிகோவும். பையனின் கண் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் சாய்கிறது.

தாய்மார்களே, தந்தைமார்களே, இந்தப் படத்தில் கெட்டவன் யார் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அப்பாவா? அவர் மகனுக்காகத்தான் மாடாய் உழைக்கிறார். பையனா? அவனுக்கு வயது பன்னிரண்டு. அப்பாவின் நிலையைத்தான் தொல்காப்பியர் அசைவு என்று சொல்லி வைத்தார். முன்பிருந்த நிலை கெட்டு வேறு நிலைக்கு ஆளாவது. சீபீல்டு தோட்டம் இன்று சுபாங் ஜெயா. பிராங் புசார் தோட்டம் இன்று புத்ராஜெயா. அங்கெல்லாம் லயமும் கோவிலும் பள்ளியும் ஆயாக் கொட்டகையும் இருந்தன. தோட்டம் துண்டாடப்பட்டபோது கூலி மட்டுமா போயிற்று? பையன் தப்புச் செய்தால் தட்டிக் கேட்கிற பத்துப் பெரியவர்கள் போனார்கள், அம்மா வேலைக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆயா இருந்தாள், அவளும் போனாள். அடுக்குமாடியின் பதின்மூன்றாவது மாடியில் தனியாக நிற்கிற தகப்பன், பத்துப் பேர் செய்த வேலையைத் தான் ஒருவனே பிரம்பை வைத்துச் செய்யப் பார்க்கிறான். முடியவில்லை.

பையனின் பக்கமும் பாருங்கள். அவனுக்கு வேண்டியது ஒரு சபாஷ். வீட்டில் கிடைக்கவில்லை, வகுப்பில் கிடைக்கவில்லை. கும்பலில் உள்ளவன் தோளில் கை போட்டு, "தம்பி, நீ கெட்டிக்காரன்டா" என்று சொல்லிவிடுகிறான். காளிக்கு வள்ளி கொடுத்த அந்த மதிப்பை, இந்தப் பிள்ளைக்குத் தெருவில் நிற்பவன் கொடுக்கிறான். கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் நம் பையன்கள் சிலர் எப்படி வழி தவறினார்கள் என்று மேடைதோறும் பேசுகிறோம். பேச்சை நிறுத்திவிட்டு இந்த ஒரு படத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தால், யார் முந்திக்கொள்ள வேண்டும் என்பது தெரியும். தெருவுக்கு முன்னால் வீடு முந்திக்கொள்ள வேண்டும், பள்ளி முந்திக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் சினிமா சொல்வதெல்லாம் வேதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மனிதரைத் தப்பாகப் படிக்கவும் அதே சினிமா கற்றுக் கொடுக்கிறது. வேண்டாம் என்று சொன்ன பெண்ணைத் தெருத்தெருவாகத் துரத்தினால் கடைசியில் சம்மதிப்பாள் என்று எத்தனை படம் காட்டியிருக்கிறது! இது பச்சைப் பொய். பெண் வேண்டாம் என்றால் அதற்குப் பொருள் வேண்டாம் என்பதுதான். ஆண்பிள்ளைகள் இதைக் காதில் நன்றாக வாங்கிக்கொள்ளுங்கள். தொலைக்காட்சித் தொடர்களில் மாமியார் என்றால் சூழ்ச்சிக்காரி, மருமகள் என்றால் அழுமூஞ்சி. ஆறு மாதம் அதையே பார்த்தால், சொந்த மாமியார் காப்பி கொடுத்தாலும் உள்ளே என்ன கலந்தாளோ என்று தோன்றும்!

அம்மாவைப் பற்றியும் நம் படங்கள் பாதிதான் சொல்லியிருக்கின்றன. அம்மா என்றால் மூலையில் நின்று கண்ணீர் விட்டுத் தியாகம் செய்பவள் என்று காட்டிக் காட்டி நம்மையும் நம்ப வைத்துவிட்டார்கள். விடியற்காலை எழுந்து சமைத்து, பால்மரம் வெட்டப் போய், வாளி தூக்கி, திரும்பி வந்து துணி துவைத்து, ராத்திரி கடைசியாகச் சாப்பிட்ட பெண்களின் பிள்ளைகள் நாம். இன்று தொழிற்சாலையில் இரவு வேலை செய்துவிட்டு வந்திருக்கும் தாயும் இந்தக் கூட்டத்தில் இருப்பாள். அவள் அழுதால் அது தியாகத்தின் அடையாளம் என்று கும்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். களைப்பாகவும் இருக்கலாம். "என்னம்மா, உடம்பு முடியலையா?" என்று கேட்டு, போய்ப் பாத்திரத்தைக் கழுவுங்கள்.

கைபேசியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இன்று பிள்ளைகள் பார்ப்பது அரை நிமிடப் படம். ஒருவன் கீழே விழுகிறான், சிரிக்கிறோம். ஒருத்தி அழுகிறாள், அடுத்ததைத் தள்ளுகிறோம். அரை நிமிடத்தில் அழுகை தெரியும், அதன் காரணம் தெரியாது. காரணம் தெரிய நேரம் வேண்டும். ஒரு நாவலுக்கு ஒரு வாரம் வேண்டும், ஒரு படத்துக்கு இரண்டரை மணி நேரம் வேண்டும். அந்தப் பொறுமைதான் பிறகு மனிதர்களிடத்திலும் வரும்.

சரி, நாளையிலிருந்து என்ன செய்யலாம்? செலவில்லாத காரியங்களாகச் சொல்கிறேன்.

பெற்றோருக்கு. மாதத்தில் ஒரு நாள், ஒரு நல்ல படத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஆள் ஏன் இப்படிச் செய்தான்? அவன் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? அவனை யாராவது எந்த இடத்தில் தடுத்திருக்கலாம்? பிள்ளை சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். தன்னைப் பற்றி நேராகச் சொல்லத் தயங்குகிற பிள்ளை, காளியைப் பற்றியும் அப்போயைப் பற்றியும் பேசுகிற சாக்கில் தன் மனத்தைத் திறந்துவிடும். படிக்கத் தெரியாத பெற்றோர் என்றால் வெட்கப்பட வேண்டாம். பிள்ளையைக் கதை வாசிக்கச் சொல்லி நீங்கள் கேளுங்கள். தோட்டத்தில் ஒருவர் பத்திரிகை வாசிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்டவர்கள்தானே நாம்? 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன 'தமிழ் நேச'னை அப்படிக் காதால் படித்தவர்கள் எத்தனையோ பேர்.

ஆசிரியப் பெருமக்களுக்கு. வகுப்பில் அதிகம் குறும்பு செய்கிற பையனுக்கு நாடகத்தில் ஒரு வேடம் கொடுத்துப் பாருங்கள். அதுவும், கோபக்காரத் தகப்பன் வேடம் கொடுங்கள். தகப்பனாக நின்று நாலு வசனம் பேசும்போது, அந்தப் பக்கத்து வருத்தம் என்னவென்று அவனுக்கே உறைக்கும். கைதட்டலும் கிடைக்கும். தெருவில் தேட வேண்டிய சபாஷ் பள்ளி மேடையிலேயே கிடைத்துவிட்டால், அவன் ஏன் தெருவுக்குப் போகிறான்?

மாணவச் செல்வங்களுக்கு. வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், இந்த விடுமுறையில் அவர்களிடம் அவர்கள் கதையைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எந்தத் தோட்டம், என்ன வேலை, என்ன சாப்பிட்டார்கள், எதற்குச் சிரித்தார்கள், எதற்குப் பயந்தார்கள், இவ்வளவு போதும். அச்சில் வராத நாவல் உங்கள் வீட்டிலேயே கட்டிலில் படுத்திருக்கிறது. அது போய்விட்டால் மறுபதிப்புக் கிடையாது.

இன்று பரிசு வாங்குகிற பிள்ளைகளை மனமார வாழ்த்துகிறேன். பரிசு வாங்காத பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். விழா முடிந்து வீட்டுக்குப் போகும்போது, வண்டியில் வைத்தே, "பாரு, அவன் வாங்கிட்டான், நீ என்னத்தைக் கிழிச்ச?" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். இளிவு, இழவு, அசைவு, வறுமை. அந்தப் பிள்ளை இந்த மண்டபத்திலேயே முதலாவதை அனுபவித்துவிட்டுத்தான் உங்களோடு வருகிறது. "உனக்கு எது கஷ்டமா இருக்கு, சொல்லு" என்று ஒரு தடவை கேளுங்கள். கோவலன் கேட்கவில்லை, பாண்டியன் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.